போர்க்களத்தில் ஆயுதம், ஆலையில் மூலப்பொருள்: நச்சு வாயுவுக்கு ‘பாதுகாப்பான அளவு’ எது? ஓசூர் ஏன் கவனிக்கணும்?

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மனி திறந்துவிட்டது குளோரின் வாயு. அதே குளோரின்தான் இன்று நம் குடிநீரைச் சுத்திகரிக்கிறது. அடுத்து போருக்கு வந்த பாஸ்ஜீன், இப்போ பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் தயாரிப்பில் மூலப்பொருள்.

அப்போ, காற்றில் எவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை?

சட்டம் சொல்லும் அளவு

போபால் விபத்துக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு அளவுகள் சேர்க்கப்பட்டன. 8 மணி நேர வேலைக்கான சராசரி வரம்பு:

* குளோரின்: 1 பிபிஎம் (10 லட்சம் பங்கு காற்றில் 1 பங்கு)
* பாஸ்ஜீன்: 0.1 பிபிஎம்
* போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்: 0.02 பிபிஎம்

பாஸ்ஜீனில் ஒரு சிக்கல். அதன் வைக்கோல் வாடை மூக்குக்குத் தெரியும்போதே வரம்பு தாண்டியிருக்கும். நுரையீரல் பாதிப்பு பல மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும். அதனால் மூக்கை நம்ப முடியாது, கருவிதான் வேண்டும்.

எப்படி முடிவு செய்றாங்க?

விலங்குச் சோதனை, விபத்துத் தரவுகளை வைத்து பாதிப்பு தொடங்கும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அதைப் பல மடங்கு குறைத்து வரம்பு வைப்பார்கள். எத்தனை மடங்கு என்பது, யார் சுவாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

சாரின் நச்சுக்கு அமெரிக்கா 2003ல் வைத்த வரம்பு இதற்கு நல்ல உதாரணம். ஊழியருக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.00003 மில்லிகிராம், பொதுமக்களுக்கு 0.000001. அதாவது 30 மடங்கு குறைவு. ஊழியர் ஷிப்ட் முடிந்தால் வெளியே வந்துவிடுவார். பக்கத்துத் தெருவில் குழந்தையும் முதியவரும் 24 மணி நேரமும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஓசூருக்கு என்ன?

முதல் கேள்வி, சிப்காட் மதில் சுவருக்கு வெளியே. தொழிற்சாலைகள் சட்ட வரம்பு ஆலைக்குள் மட்டும்தான். பொதுவெளிக் காற்றுக்கான 2009 தேசியத் தர அளவுகளில் 12 மாசுகள் உள்ளன. குளோரினும் பாஸ்ஜீனும் அதில் இல்லை.

இரண்டாவது, மாநில எல்லை. இதுவரை நாடு முழுக்க ஒரே அட்டவணை. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வரம்பு வைக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் தருகிறது. தமிழகமும் கர்நாடகாவும் வேறு வேறு அளவு வைத்தால், ஜூஜூவாடியில் ஒரு கணக்கு, அத்திப்பள்ளியில் இன்னொரு கணக்கு. ஆனா காற்றுக்குச் சோதனைச்சாவடி கிடையாது.

நீங்க என்ன செய்யலாம்?

* ஆலையில் உள்ள ஆபத்தான ரசாயனம் பற்றி ஊழியருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும். பழைய சட்டமும் சரி, புதிய சட்டமும் சரி, இதைக் கட்டாயமாக்குகின்றன. கேளுங்கள்.
* குளோரினும் பாஸ்ஜீனும் காற்றைவிட கனமானவை, தாழ்வான இடத்தில் தேங்கும். கசிந்தால் பள்ளத்தில் ஒதுங்காதீர்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகி, மேடான இடத்துக்குப் போங்கள்.