பாண்டியா கட்சி

‘காக்க காக்க’ டி.வி.யில் ஓடினால், எந்த இடத்தில் பிடித்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். கௌதம் மேனன் இயக்கி 2003இல் வந்த படம். சூர்யா - ஜோதிகா காதலுக்கும் ஹாரிஸ் ஜெயராஜ் பாட்டுக்கும் மயங்கியவர்கள் ஒரு பக்கம். நான் வில்லன் பாண்டியா கட்சி.

நம் வில்லன்களுக்கு ஆளுக்கொரு முத்திரை உண்டு. நம்பியார் கையைப் பிசைவார். ரகுவரன் ‘ஐ நோ’ என்பதையே விதவிதமாகச் சொல்லி மிரட்டுவார். ஜீவன் நடித்த பாண்டியாவுக்கு நீள முடியும் ஒல்லி உடம்பும்தான். ஆனாலும் அவன் பெயரைக் கேட்டாலே பக்கென்கிறது.

அதற்கான வேலையைத் திரைக்கதை முதலிலேயே முடித்துவிடுகிறது. படம் தொடங்கும்போதே போலீஸ் அதிகாரி அன்புச்செல்வனாக வரும் சூர்யா ரத்தக் காயத்தோடு தண்ணீரில் விழுகிறார். கதை அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. செய்தவன் யாரென்று தெரியாது, செய்ததைப் பார்த்துவிட்டோம். அதன் பிறகு ஜோதிகா நடித்த மாயா டீச்சரும் அன்பும் சிரித்துப் பேசும்போதெல்லாம் நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. பாண்டியா தாமதமாக வருகிறான். பயம் அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, அவனுக்கு ஏன் இத்தனை வெறி? அண்ணன் சேதுவை அன்புவின் டீம் என்கவுன்டரில் போட்டுத்தள்ளியது. கோர்ட் இல்லை, தீர்ப்பு இல்லை. பதிலுக்கு அவன் போலீஸ்காரர்களின் குடும்பத்தைக் குறிவைக்கிறான். மனைவி மாயாவைப் பறிகொடுத்த அன்பு அவனைத் தீர்க்கிறார். கணக்கு முடிக்க கோர்ட் எதற்கு என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. குறுக்கே வரும் மனித உரிமைப் புகாரைப் படம் வெறும் முட்டுக்கட்டையாகத்தான் காட்டுகிறது. தியேட்டரில் நாமும் விசிலடித்தோம்.

நிஜத்தில் அப்படி விசிலடித்துவிட்டுப் போக முடியாது. மும்பை என்கவுன்டர்கள் தொடர்பான வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சுட்டவர்களின் ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. சுட்ட கையோடு பதவி உயர்வும் பதக்கமும் கூடாது. இதன்படி பார்த்தால் அன்புவின் டீம் பாதிப் படத்தை விசாரணையிலேயே கழித்திருக்கும்.

சினிமாவும் மெல்லத்தான் அந்தப் பக்கம் திரும்பியது. 2024இல் ஞானவேலின் ‘வேட்டையன்’ படத்தில் ரஜினியே என்கவுன்டர் போலீஸ். அவர் சுட்டது ஒரு நிரபராதியை என்று தெரியவருகிறது. சூப்பர் ஸ்டாரின் துப்பாக்கியே தப்பான ஆளைச் சுடும் என்று காட்ட இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பாண்டியா கொலைகாரன், அவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவனைக் கண்டு நடுங்கியதில் கால்வாசியாவது அன்புவைக் கண்டும் நடுங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் சூர்யா அந்த யூனிஃபார்மில் அவ்வளவு அழகாக இருந்தால் யாருக்குத்தான் பயம் வரும்?