கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல

கலிஃபோர்னியாவில் ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடல்தகுதித் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. சான்டா கிளாராவின் தமிழ்ப் பெற்றோரே, உங்கள் பிள்ளை அதில் எப்படிச் செய்தது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? கணக்கில் எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு முந்திவிட்டது என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் உடற்கல்வி படிக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்து விதி. அதைக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் முடித்துவிட்டு, காலியான இடத்தில் இன்னொரு ஏபி பாடத்தைச் சேர்க்க வழி உண்டா என்று வாட்ஸ்அப் குழுவில் விசாரிக்கிறோம். உட்கார்ந்தபடியே ஓட்டப் பயிற்சி!

நம் உடம்பின் மார்க் என்ன தெரியுமா? 2010-ல் தொடங்கிய 'மசாலா' என்ற ஆய்வில், நாற்பது வயதைத் தாண்டிய தெற்காசியர் 906 பேரை இதே பே ஏரியாவிலும் சிகாகோ பக்கத்திலும் சேர்த்துச் சோதித்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து ஒப்பிட்டதில், நம்மவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குச் சர்க்கரை நோய். வெள்ளையர்களில் 6 பேருக்கு. சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள். படிப்பு கணையத்தைக் காப்பாற்றவில்லை.

உடனே 'பரம்பரைங்க, என்ன பண்றது' என்று ஆரம்பித்துவிடுவோம். பாதி உண்மைதான். நம் உடம்பில் தசை குறைவு, ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-லிருந்து ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ 23 ஆனாலே சோதிக்கச் சொல்கிறது, மற்றவர்களுக்கு 25. ஆனால் மீதிப் பாதியைக் கேளுங்கள். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்ளும். வேலை செய்கிற தசையோ இன்சுலினுக்காகக் காத்திராமலே வாங்கும். தசை குறைவாகப் பிறந்தவர்கள் கூடுதலாக நடக்க வேண்டும் என்றுதானே இதற்கு அர்த்தம்? நாம் இரவு ஒன்பதரைக்கு மூன்று தோசையும் கொஞ்சம் தயிர்சாதமும் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறோம். அந்த வழக்கமும் பரம்பரைச் சொத்தாகத்தான் பிள்ளைக்குப் போகிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். குழந்தையின் கழுத்தைச் சுற்றி, அக்குளில், தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி ஆவதைப் பார்த்திருப்பீர்கள். 'சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை' என்று திட்டிக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிற அம்மாக்கள் நம்மிடையே நிறைய. சிலர் வெயிலைக் குறை சொல்வார்கள், சிலர் சங்கிலியை. பல பிள்ளைகளுக்கு அது இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்கவில்லை என்பதன் அடையாளம். ரத்தப் பரிசோதனையில் எண் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே தோல் சொல்லிவிடும். தேய்த்தால் தோல் புண்ணாகும், கருப்பு போகாது. எடையைக் குறைத்து உடம்பை அசைத்தால் மெல்ல வெளுக்கும்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? சிறுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. சராசரி வயது 26 ஆனபோது, பத்தில் ஆறு பேருக்குச் சிறுநீரகம், நரம்பு, கண் என்று ஏதாவது ஒன்றில் பாதிப்பு. வேலைக்குச் சேர்ந்து முதல் கார் வாங்குகிற வயது அது. (முதல் வகை நீரிழிவு வேறு, அது சாப்பாட்டால் வருவதல்ல. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் போய் 'இனிப்பு அதிகம் கொடுத்தீர்களா' என்று கேட்டு வைக்காதீர்கள்.)

ஆறு மாதம் தங்க வரும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெட்டியில் பாதி சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள், மீதிப் பாதி அதிரசமும் முறுக்கும். வந்து இறங்கியதும் 'பிள்ளை இளைச்சுப் போச்சே' என்று ஆரம்பிப்பார்கள். அந்த வாக்கியத்தை நம் வீடுகளில் கொஞ்ச காலத்துக்குத் தடை செய்தால் நல்லது.

இங்கே சாக்குச் சொல்ல வெயிலும் இல்லை, பனியும் இல்லை. சான் டோமஸ் அக்கினோ ஓடைப் பாதை வருடம் முழுவதும் நடக்கலாம் போல இருக்கிறது. ஒலிம்பிக் நீச்சல் சாம்பியன் மார்க் ஸ்பிட்ஸ் பயிற்சி பெற்ற ஊர் இது. நாமோ அரை மைல் தள்ளியிருக்கும் டியூஷனுக்குக் காரில் கொண்டுவிடுகிறோம், வழியில் கையில் ஜூஸ் டப்பாவோ கோலா கேனோ. ஒரு கோலா கேனில் 39 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட பத்து டீஸ்பூன். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம்.

மாற்றினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சென்னையே பதில். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். எடை பெரிதாகக் குறையாமலே இது கிடைத்தது. அவர்கள் சாப்பிட்டதும் நம் ஊர்ச் சாப்பாடுதான், கீன்வா அல்ல.

ஆகவே சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. தட்டில் பாதி பொரியல், கால்வாசி பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மிச்சத்தில் சோறு. சாப்பாடு ஏழரைக்குள். முடித்ததும் வீடே இறங்கிக் கால் மணி நேரம் நடக்கட்டும், அப்பாவின் மீட்டிங் காத்திருக்கும். பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் விளையாட்டு வேண்டும். பரதநாட்டியமும் கணக்கில் சேரும், காரில் உட்கார்ந்து அங்கே போவது சேராது. 'நீ போய் விளையாடு' என்று நாற்காலியில் இருந்தபடி சொல்லாதீர்கள், அது எடுபடாது.

அடுத்த முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போது கழுத்தைக் காட்டுங்கள். எடை கூடியிருந்து, வீட்டில் யாருக்காவது சர்க்கரையும் இருந்தால், பத்து வயதிலிருந்தே சோதிக்கலாம் என்பது இங்குள்ள மருத்துவர்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் சொந்த ஏ1சி என்ற சர்க்கரை அளவு எவ்வளவு என்று அவர் திருப்பிக் கேட்டால் விழிக்காமல் இருக்க, அதையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். 5.7-ஐத் தொட்டிருந்தால் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் நடக்க வேண்டியவர்தான்.