காற்றைக் கேட்டுச் சொல்கிறேன்

போன கிழமை முழுக்க எனக்கு எரிச்சல். கொழும்பிலிருந்து வந்திருந்த பெறாமகள், "பெரியப்பா, பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் கைபேசியைத் தடவி, "355 கிலோமீற்றர், 80 நிமிடம்" என்று அவளே சொல்லியும் விட்டாள். பிறகு பெரியப்பா எதற்கு?

கணக்கு வேறு உதைத்தது. ஏரிஆர் ரக விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். அப்படியென்றால் 43 நிமிடம் போதும். மீதி எங்கே போனது? நின்ற இடத்தை விட்டு அசைவது முதல் போய் நிற்பது வரை அட்டவணையில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்வது, மெல்ல ஏறுவது, இறங்க முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் அதற்குள். நேர்கோட்டில் அளந்த தூரத்தை எந்த விமானமும் அப்படியே பறப்பதில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானபோது ஏதோ புதுமை நடந்ததுபோல் பேசினோம். 1947 டிசெம்பர் 10 அன்று ஏயர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து, அப்போது காங்கேசன்துறை என்று அழைக்கப்பட்ட இதே நிலையம் வழியாகத்தான் சென்னைக்குப் போனது.  ஆனால் தூரக் கணக்கு என்றதும் மனம் கிழக்கே வல்வெட்டித்துறைக்கு ஓடுகிறது.

வல்வெட்டித்துறைத் தண்டையல் ஒருவரிடம், அதாவது பாய்க்கப்பல் தலைவரிடம், நாகபட்டினம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தால், "இப்ப என்ன காத்து?" என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பார். வடகிழக்கு வாடைக்கு ஒரு கணக்கு, தென்மேற்குச் சோளகத்துக்கு ஒரு கணக்கு. கச்சானும் கொண்டலும் இடையில் வந்து கணக்கைக் குழப்பும். அவர் அளந்தது கடலை அல்ல, காற்றை. அந்தக் கணக்கு சின்னக் கணக்குமல்ல. அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கி வேறு பெயர் வைத்த பின், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் பிடித்தது. இந்தக் கதையைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவதில்லை.

பெறாமகள் சிரித்தாள். "பாய்க்கப்பலுக்குச் சரி, பெரியப்பா. பிளேனுக்குக் காத்து எதுக்கு?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். பலாலி ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. ஒரு நுனி வாடையைப் பார்க்கிறது, மறு நுனி சோளகத்தை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டத்தைத் தூக்கும் அதே வாடைதான், விமானம் எந்தப் பக்கமாக ஓடி எழும்புவது என்பதையும் சொல்கிறது. தண்டையலின் கேள்வியை இன்று விமானி கேட்கிறார்.

அவள் யோசித்தாள். கைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப, பெரியப்பா, சென்னைக்கு எவ்வளவு நேரம்?"

முற்றத்துக்கு இறங்கிப் பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன்.