‘தடுக்கலாமா?’ என்று கேட்பது திமிர் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடியது. “டீச்சர் பொண்ணுக்கு எதிராப் பேசி அழ வச்சுட்டாங்க”, “பையன் பெரியவங்களை எதிர்த்துக் கேள்வி கேட்கிறான், டீச்சரும் ஏத்தி விடுறாங்க” என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். குழுவில் நான்கு வரியில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். என் கருத்து ஒன்றுதான்: விளையாட்டில் விதியைப் பற்றிக் கேள்வி கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள். அவன் நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டதைத்தான் செய்கிறான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, தன் தங்கை பிள்ளைகளுக்கு நான்கு சீட்டுக்கட்டு வாங்கி வந்தான். ‘வாம்பயர்: தி எட்டர்னல் ஸ்ட்ரகிள்’ என்று பெயர். ரம்மி ஆடும் சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், கீழே நாலைந்து வரி வாசகம். ரத்தக்காட்டேரிகளை வைத்து ஆடுவது. 1994இல் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் வந்து, அடுத்த வருடமே பெயர் மாறிய விளையாட்டு. இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். உலகமெல்லாம் பிரபலமான ‘மேஜிக்’ சீட்டு விளையாட்டும் அவர் செய்ததுதான். 2010இல் அச்சிடுவது நின்றுபோனது. 2018 முதல் மறுபடி அச்சாகிறது. இடைப்பட்ட காலத்திலும் ஆடியவர்கள் விடாமல் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 30 புள்ளி. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் இரை. வலது பக்கம் இருப்பவருக்கு நீங்கள் இரை. உங்கள் காட்டேரியை அனுப்பி இரையின் புள்ளியை உறிஞ்ச வேண்டும். அதற்கு ‘ப்ளீட்’ என்று பெயர். புள்ளி தீர்ந்தவர் வெளியே. வெளியேற்றியவருக்கு ஒரு வெற்றிப் புள்ளியும், கையிருப்பில் 6 புள்ளியும் கிடைக்கும். உறிஞ்ச வருகிற காட்டேரியை உங்கள் காட்டேரி மறித்துத் தடுக்கலாம். இந்தத் தடுப்பதில்தான் கேள்விகள் வருகின்றன. நாங்கள் நால்வர் ஆடினோம். பையனுக்கு இடது பக்கம் அவன் தங்கை, வலது பக்கம் தாய்மாமன், எதிரே நான்.

முதல் கேள்வி: யார் தடுக்கலாம்? ஒருவரைக் குறிவைத்த செயலை, குறிவைக்கப்பட்டவர் மட்டுமே தடுக்கலாம். பையன் தங்கையை உறிஞ்ச வந்தால் தங்கைதான் தடுக்க வேண்டும். நானோ மாமனோ கை நீட்ட முடியாது. யாரையும் குறிவைக்காத செயல் என்றால், உதாரணமாக ஓர் ஆயுதத்தை எடுக்கப் போகிறான் என்றால், அவனுடைய இரையும் அவனை வேட்டையாடுபவரும் தடுக்கலாம். முதல் வாய்ப்பு இரைக்கு, பிறகு மற்றவருக்கு. எதிரே இருக்கும் எனக்கு அப்போதும் உரிமை இல்லை. ‘அவன் பெரிய ஆயுதம் எடுக்கிறான், எல்லாருக்கும் ஆபத்து, நானும் தடுக்கிறேன்’ என்று நான் சொன்னேன். “சின்னப் பாட்டி, நீங்க எனக்கு இரையும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. அப்படித் தடுக்க உங்ககிட்ட தனிச் சீட்டு இருக்கா?” என்று கேட்டான். இல்லை. அவன் எடுத்துக்கொண்டான். இதைத்தான் அறையில் இருந்த ஒருவர் ‘எதிர்த்துப் பேசுகிறான்’ என்று எடுத்துக்கொண்டார். அவன் குரலை உயர்த்தவில்லை. என்னை மரியாதையாகத்தான் அழைத்தான். 62 வயதுக்காரி சொன்னாலும் விதி விதிதான் என்று சொன்னான், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: தடுப்பு பலித்ததா இல்லையா? இது கணக்கு. செயல் செய்கிறவனுக்கு மறைவு, தடுக்கிறவனுக்கு வழிமறிப்பு என்று இரண்டு எண்கள் உண்டு. வழிமறிப்பு மறைவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் தடுப்பு பலிக்கும். சமம் என்றாலே போதும் என்பதைக் கவனியுங்கள். சாதாரண ப்ளீட்டுக்கு மறைவு 0. எந்தத் திறமையும் இல்லாத காட்டேரிக்கு வழிமறிப்பும் 0. ஆக, விழித்திருக்கிற எந்தக் காட்டேரியும் சும்மா கை நீட்டினாலே தடுத்துவிடலாம். தடுத்தால் செயல் தோற்றது, தடுத்தவருக்கும் வந்தவருக்கும் சண்டை.

பையனிடம் இருந்தது நாஸ்ஃபெரட்டு குலம். கோர முகம், ஒளிவதில் கெட்டிக்காரர்கள். தங்கையிடம் ட்ரெமியர் குலம். மந்திரக்காரர்கள், கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள். அவள் “தடுக்கிறேன்” என்றாள். அவன் ‘லாஸ்ட் இன் க்ரவுட்ஸ்’ போட்டு மறைவை 2 ஆக்கினான். அவள் ‘என்ஹான்ஸ்ட் சென்ஸஸ்’ போட்டு வழிமறிப்பை 2 ஆக்கினாள். சமம், தடுப்பு பலிக்கிறது. அவன் கையில் இன்னொரு ‘லாஸ்ட் இன் க்ரவுட்ஸ்’ இருந்தது. ஆனால் ஒரே செயலில் ஒரே காட்டேரி அதே சீட்டை மறுபடி போடக்கூடாது. வேறொரு மறைவுச் சீட்டு தேடி எடுத்து 3 ஆக்கினான். அவளிடம் பதில் இல்லை. தடுப்பு தோற்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: தேவைப்படாதபோது மறைவைக் கூட்டக்கூடாது. யாரும் தடுக்க வராமலே முன்கூட்டி 2, 3 என்று ஏற்றிக்கொள்ள முடியாது. தடுப்பு பலிக்கும் நிலை வந்தால்தான் கூட்டலாம். அதேபோல, தடுப்பு தோற்கும் நிலையில்தான் வழிமறிப்பைக் கூட்டலாம். ‘இப்போது இது தேவையா?’ என்று ஒவ்வோர் அடியிலும் கேட்டாக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேருக்கு ‘பெரியது, சிறியது, சமம்’ குறி போடச் சொல்லி நான் தொண்டை வற்றியிருப்பேன்! அந்தப் பெண் அரை மணி நேரத்தில் விரல் விடாமல் சொல்கிறாள்.

இனி, சண்டைக்குக் காரணமான மூன்றாவது கேள்வி. “தடுக்கவில்லை” என்று சொன்னபின் மனம் மாறலாமா? கூடாது. இனித் தடுக்கப்போவதில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த முடிவு இறுதி. அதற்குப் பிறகு வந்தவன் தன் ப்ளீட்டைக் கூட்டும் சீட்டைப் போடலாம். அனுபவசாலிகள் அதற்காகவே காத்திருப்பார்கள். குறி வேறொருவர் மேல் திருப்பப்பட்டால் மட்டும், புதிதாகக் குறிவைக்கப்பட்டவருக்குத் தடுக்கும் வாய்ப்பு கிடைக்கும். ‘டிஃப்ளெக்ஷன்’ என்ற சீட்டு அப்படித் திருப்புவதற்கானது.

நடந்தது இதுதான். 1 புள்ளிக்கு வந்த ப்ளீட்டைப் பார்த்து, ‘ஒன்றுதானே, போகட்டும்’ என்று பெண் “தடுக்கலை” என்றாள். பையன் ஒரு சீட்டைப் போட்டு 3 ஆக்கினான். “அப்படின்னா தடுக்கிறேன்” என்றாள். “முடியாது” என்றான். அவள் கண் கலங்கிவிட்டது. சமையலறையிலிருந்து அவள் அம்மா, “சின்னப் பிள்ளைதானே, விட்டுக் கொடுடா” என்றாள். விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். கல்நெஞ்சுக்காரி என்ற பட்டம் அங்கேதான் கிடைத்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது அவளுக்கு முதல் ஆட்டம் இல்லை, ஐந்தாவது. முதல் இரண்டு ஆட்டத்தில் எல்லோருமே கையைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். படிக்கும்போது அது நியாயம். அதன்பிறகும் 13 வயதுப் பெண்ணுக்கு மட்டும் விதியை வளைத்தால், அவளுக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று நாம் நினைக்கலாம். அவள் கற்றுக்கொள்வது வேறு: ‘வாயால் சொன்னது கணக்கில் இல்லை, அழுதால் மாறும்.’ அண்ணன் கற்றுக்கொள்வது அதைவிட மோசம்: ‘விதியைப் படித்தவன்தான் ஏமாளி.’

இதே விதி அடுத்த சுற்றில் பையன் மேலேயே விழுந்தது என்பதைக் குழுவில் யாரும் எழுதவில்லை. மாமன் 1 புள்ளிக்கு வந்தான். இவன் “தடுக்கலை” என்றான். மாமன் 4 ஆக்கினான். பையன் வாயைத் திறந்தான். “மாமா, நான் தடுக்கலைன்னு சொன்னப்புறம்தானே போட்டீங்க?” “ஆமாண்டா.” “சரி.” நான்கு புள்ளியை எண்ணி வைத்தான். விதியைப் பற்றிக் கேட்பவனுக்கும் விதண்டாவாதம் செய்பவனுக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரியும். தனக்கு எதிராக வரும்போதும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை ஏற்றுக்கொள்கிறானா என்று பாருங்கள். ஏற்றுக்கொண்டால் அவனை அதட்ட உங்களுக்குக் காரணமே இல்லை.

‘விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா, டீச்சர்?’ என்று கேட்பீர்கள். பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவர், நல்ல பையன், நண்பருக்காக ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்றார்களாம். கேட்டால் நண்பன் தப்பாக நினைப்பான் என்று கேட்கவில்லை. நண்பர் கட்டவில்லை. நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன் வாங்கியவரை முதலில் கேட்டு முடித்துவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாகக் கிடையாது.

‘வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை’ என்ற சொற்களைக் கவனித்தீர்களா? அந்தச் சீட்டு விளையாட்டின் தலையாய விதியும் அதே மாதிரிதான்: பொது விதிக்கும் சீட்டில் எழுதியிருப்பதற்கும் முரண் வந்தால் சீட்டில் இருப்பதே செல்லும். ஆகவே பொது விதியும் தெரிய வேண்டும், கையில் இருக்கும் தாளையும் வரி வரியாகப் படிக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் அவர் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான். ‘யாருக்கு இதில் உரிமை? எப்போது என்னிடம் வருவீர்கள்? போட்டபின் விலகலாமா?’ அவர் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சத்தை வளர்த்ததில் வீட்டுக்கும் பள்ளிக்கும் பங்கு உண்டு. ‘பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறோம்.

இதற்காகக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மூன்று ஒழுங்கு வைத்திருக்கிறேன். ஒன்று, கேள்வியை முடிவு சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். “இதைத் தடுக்க எனக்கு எவ்வளவு வழிமறிப்பு வேண்டும்?” என்று முன்னால் கேட்டால் பதில் உண்டு. பின்னால் கேட்டால் அது புலம்பல். இரண்டு, விதிப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை உரக்கப் படிக்க வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்பது ஆதாரம் ஆகாது, அது பாட்டி சொன்னாலும். மூன்று, பதில் கிடைத்தபின் ஆட்டம் நகர வேண்டும். போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு 2 மணி நேரம்தான் பொதுவான கெடு. நடுவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. வீட்டிலும் அப்படித்தான்.

மற்ற இரண்டு குறைகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ‘காட்டேரி விளையாட்டு வீட்டுக்கு ஆகாது’ என்றார் ஒரு சம்பந்தி அம்மா. நாம் சின்ன வயதில் முருங்கை மரத்து முனி, புளியமரத்துப் பேய் கதை கேட்காமல் வளர்ந்தோமா? ஆனாலும் சில படங்கள் இருட்டும் ரத்தமுமாக இருப்பது உண்மை. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நான் தரமாட்டேன். செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப வாங்கும் விளையாட்டுகளைப் பார்த்து நானும் பயப்படுகிறேன். இப்போது இது இன்ன சீட்டு இருக்கிறது என்று தெரிந்தே வாங்கும் கட்டுகளாகக் கிடைக்கிறது. நான்கு கட்டு இருக்கிறது, இனி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை வீட்டுப் பிள்ளை, அது சீட்டோ கேரமோ கிரிக்கெட்டோ, “இது விதிப்படி சரியா?” என்று கேட்டால், “வாயை மூடு” என்று சொல்லாமல், “எங்கே எழுதியிருக்கு, படி” என்று சொல்லுங்கள். அவன் சொல்வது தவறாக இருந்தால் அந்த வரியே அவனைத் திருத்தும். சரியாக இருந்தால் நாம் ஒத்துக்கொள்வோம். அதில் பெரியவர்களுக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. நாளைக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு தாளை நீட்டி “இங்கே கையெழுத்துப் போடுங்க சார்” என்று அவசரப்படுத்தும்போது, “ஒரு நிமிஷம், படிச்சுட்டுப் போடறேன்” என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்க வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளைகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரையும் பெஞ்சு மேல் ஏற்றமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்