பெட்டியில் இல்லாத உறுப்பு

சிற்றுரு சமைத்தல் சிறுவர் விளையாட்டென்பது பெரியோர் பலர் கொண்ட கருத்து. பெட்டியில் வந்த துண்டுகளை எண் பார்த்துப் பசையிட்டு ஒட்டுமளவில் நின்றுவிடின் அக்கருத்தை யாமும் மறுக்கோம். ஆயின் பெட்டியில் ஓர் உறுப்புக் குறைந்து, அக்குறையைத் தானே நிரப்பப் புகுவானாயின், அவன் அப்பொழுதே மாணவனாகின்றான் என்பது எம் துணிபு. "தமிழ் பயிலும் உமக்கு விமானத்தோடு என்ன உறவு?" என விடுதியில் எம்மை நகையாடிய அன்பர்கட்கும் இக்கட்டுரையே விடையாகுக.

சென்ற கோடை விடுமுறையிற் பழைய மாணவர் ஒருவர், தம் வீட்டுப் பரணிற் கிடந்த பெட்டியொன்றை எமக்கு அளித்தார். போயிங் 747 விமானம் அமெரிக்க விண்ணோடத்தைத் தன் முதுகிற் சுமந்து நிற்குங் கோலத்தை 144-இல் ஒரு பங்காகக் காட்டும் உரு அது. பன்னிரண்டடிக்கு ஓரங்குலம் என்பது கணக்கு. விமானம் ஏறத்தாழ 49 செ.மீ. நீளம், ஓடம் 26 செ.மீ. திறந்து பார்த்தபோது, இரண்டிற்கும் இடையே நிற்கவேண்டிய தாங்குகால்கள் மூன்றும் இல்லை. ஓடத்தின் வாலை மூடுங் கூம்பும் இல்லை. பரணில் வாழும் எலிகளுக்கு அவற்றால் என்ன பயனோ அறியோம்.

பெரம்பலூரைச் சார்ந்த எம் நண்பர் பௌதிக மாணவர். அவ்வுறுப்புக்களின் வரைவுகள் இணையத்தில் விலையின்றியே கிடைக்குமென்றும், கல்லூரியின் முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு பொழுதில் எடுத்துவிடலாமென்றும் அவர் கூறினார். யாம் உடன்படவில்லை. அதன் காரணம் அக்கால்களின் வரலாற்றிலேயே உளது.

விண்ணோடம் தானாகவே ஓரூரிலிருந்து மற்றோரூருக்குப் பறந்துசெல்ல வல்லதன்று. அதனைச் சுமத்தற்பொருட்டு நாசா நிறுவனம் 1974-இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸாரிடம் பயணிகளை ஏற்றிவந்த 747 ஒன்றை வாங்கிற்று. முதுகிற் பாரம் ஏறின் விமானம் நேர்நில்லாது அலையுமாதலின், பின்சிறகின் இரு முனையிலும் செங்குத்தான தகடுகளைப் பொருத்தினர். ஓடத்தை முன்னே ஒரு காலும் பின்னே இரு கால்களும் தாங்கின. ஓடத்தை இங்கே பொருத்துக, கறுத்த பக்கம் கீழே இருக்கட்டும் என்று அவ்விடத்திற் குறும்பாக எழுதியும் வைத்தனர்.

சுமந்து செல்வது ஒன்று. பறக்கும்போதே விடுவிப்பது பிறிதொன்று. விடுபட்ட ஓடம் விமானத்தின் வாலில் மோதிவிடாதா என ஐயுற்றோர் பலர். அந்நிறுவனத்துப் பொறியாளர் ஜான் கைக்கர் என்பார் விமானத்தையும் ஓடத்தையும் 40-இல் ஒரு பங்காகச் செய்து, வானொலி விசையாற் பறக்கவிட்டு, வானிலேயே பிரித்துங் காட்டினார். ஒன்றரை மீட்டர் சிறகுடைய அவ்வுருவைப் பொம்மை என்று இகழ்வார் இகழ்க! 1977 ஆகஸ்டு 12-ஆம் நாள் 'எண்டர்பிரைஸ்' என்னுஞ் சோதனை ஓடம் உண்மையாகவே விமானத்தின் முதுகினின்றும் விடுவிக்கப்பெற்றது. அதன்பொருட்டு முன்கால் நீளமாக அமைக்கப்பட்டிருந்தது. ஆதலின் ஓடத்தின் மூக்கு நிமிர்ந்து நின்றது. விமானம் தாழச் சாய்ந்து இறங்குகையில் ஓடத்தின் சிறகு மிகுதியாகக் காற்றை ஏற்றது. வெடியாணிகள் அறுந்ததும் ஓடம் மேலும் விமானம் கீழுமாகப் பிரிந்தன. பின்னர் ஊர்விட்டு ஊர் சுமந்து செல்லும் பயணங்களுக்கு முன்காலைக் குறுக்கிவிட்டனர். ஆகவே அக்காலின் நீளத்தைக் கண்டே, ஓர் உரு விடுவிக்கும் நாளைக் காட்டுகின்றதா, வெறும் பயணத்தைக் காட்டுகின்றதா எனக் கூறிவிடலாம். இணையத்தில் எமக்கு அகப்பட்ட வரைவு குறுங்காலின் வரைவு. யாம் காட்ட விரும்பியதோ 1977-ஆம் ஆண்டின் அந்த நாளை.

எம் உருவில் முன்காலுக்கும் பின்கால்களுக்கும் இடையே 16 செ.மீ. உளது. மூக்கு இன்னும் மூன்று பாகை நிமிரவேண்டின் முன்கால் 8 மி.மீ.க்குச் சற்று மிகுதியாக உயர்தல் வேண்டும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட கோணகணிதம் எம் கையிற் பட்டது அன்றுதான். நண்பர் கணினியில் வரைந்தார். அச்சுப்பொறி காலை நட்டுவைத்தாற்போல் நிறுத்தியே அச்சிட்டுத் தந்தது. உருவைத் தூக்கி மேசைமேல் வைத்தோம். கால் குறுக்கே முறிந்தது. இன்னுந் தடிப்பாகச் செய்தோம், அதுவும் முறிந்தது. ஓடத்தின் மூக்கில் ஒரு வடு இன்றும் உண்டு.

நண்பர் இல்லத்திற்கு அண்மையில் உள்ளது அரும்பாவூர். 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் மரச்சிற்பத்தை இம்மலர் படிப்போருட் பலர் அறிவர். ஆங்கு ஒரு முதிய சிற்பியார் கோயில் வாகனம் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். முறிந்த துண்டை அவரிடம் காட்டி 'ஸ்ட்ரட்' என்றார் நண்பர், பெரியவர் விழித்தார். யாம் 'கால்' என்றோம். உடனே கைநீட்டி வாங்கினார்.

"இதுல நார் எந்தப் பக்கம் ஓடுது தம்பி?"

"இது மரமில்லையே ஐயா."

"மரமில்லன்னா என்ன? ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனதுதானே? அடுக்கு படுத்துக் கிடக்கு, காலு நிக்குது. முறியாம என்ன செய்யும்? சாமி எங்க உக்காருதுன்னு பாத்துட்டுத்தான் நாங்க வாகனத்துக்கு மரமே எடுப்போம்."

கல்லூரிக்கு மீண்டதும் காலைப் படுக்கவைத்து அச்சிட்டோம். படலங்கள் இப்போது காலின் நீளப்போக்கில் ஓடின. அக்கால் இன்றளவும் முறியவில்லை. வால்கூம்புக்காக மூன்று நாள் அட்டையை வெட்டி வெட்டி யாம் திண்டாடியிருந்தோம். அதனை அப்பெரியவர் மாமரத்துண்டொன்றில் அரைமணிப் பொழுதிற் செதுக்கித் தந்துவிட்டார். அரியலூரில் எம் இல்லத்திற்கு உருவைக் கொண்டுசென்றபோது, கற்றோர் பலரும் அதன் விலையைக் கேட்டனர். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அண்டைவீட்டு அண்ணன் ஒருவரே குனிந்து பார்த்து, "பாரம் எந்தக் காலுல எறங்குது?" என வினவினார்.

பண்டைத் தமிழரிடத்தும் வானூர்தி இருந்ததென்று சீவகசிந்தாமணியின் மயிற்பொறியைக் காட்டி மேடையில் முழங்குவாருளர். காப்பியப் பொறியைக் கொண்டு பறந்த வரலாறு எழுதுதல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் அக்கதையில் ஒன்று கருதத்தக்கது. சச்சந்தன் பொறியைச் செய்வித்ததோடு அமையவில்லை. விசயை அதனை இயக்கிப் பழகவும் பழகினாள். பெருமை பேசுவோர் அப்பழக்கத்தை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

ஆதலின் எம் கல்லூரிக் கண்காட்சிக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். முழுதும் விலைக்கு வாங்கி ஒட்டிய உருவிற்குப் பரிசளித்தலை இவ்வாண்டோடு நிறுத்துக. ஓர் உறுப்பையேனும் தானே வகுத்துச் செய்தவனுக்கே பரிசு என்க. அவ்வுறுப்பின் வரைபடத்தையும், அதற்குமுன் முறிந்த துண்டுகளையும் உருவின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுக. முறிந்த துண்டைக் காட்ட நாணுதல் எம் போன்றார்க்கு இயல்பு. யாமும் முதலில் எமது முறிந்த கால்களைக் குப்பையில் எறிந்துவிட்டோம். பின்னர் நண்பர் அவற்றைத் தேடியெடுத்தார். தமிழ் வகுப்பினரையும் இப்பணியிற் சேர்த்துக்கொள்ளுக. தாங்குகால், முனைத்தகடு, வால்கூம்பு எனப் பெயரிட்டு அழைத்த பின்னரன்றோ பௌதிக மாணவரும் மரச்சிற்பியாரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசலாயினர்.

அடுத்த உருவையும் யாம் தெரிந்தெடுத்துவிட்டோம். 2023 ஏப்ரல் 2-ஆம் நாள் சித்திரதுர்க்கத்தில், நம் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று இஸ்ரோவின் 'புஷ்பக்' என்னுஞ் சிறகுள்ள ஊர்தியை நாலரைக் கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் சென்று விடுவித்தது. ஊர்தி தானே வழிகண்டு ஓடுதளத்தில் இறங்கிற்று. 2024-இல் மார்ச்சு மாதத்தும் ஜூன் மாதத்தும் மீண்டும் அவ்வாறே விடுவித்து இறக்கினர். 72-இல் ஒரு பங்காகச் செய்யின் ஆறரை மீட்டர் நீளமுள்ள புஷ்பக் 9 செ.மீ. ஆகும். இதற்கு எமக்குக் கடையிற் பெட்டி எதுவும் அகப்படவில்லை. ஊர்தியும் அதனைத் தொங்கவிடுங் கட்டும் முழுதும் எம் கையாலேயே ஆகவேண்டும்.

அரும்பாவூர்ப் பெரியவரிடம் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல சாமி கீழயா தொங்குது?" என்றார். ஆமென்றோம். "அப்ப காலு உதவாது தம்பி, கயிறு வேணும். கயிறு நாலும் ஒரே இழுப்பா இருக்கணும். பொங்கல் லீவுல வாங்க, யோசிச்சு வைக்கிறேன்," என்றார்.