மலைக்கு வழி இருக்கு, வீட்டுக்கு?

"பெத்தவங்களைத் தனியா குடி வைக்கிறதா? அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்!" முதியோருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வாயைத் திறந்தாலே இந்த வசனம் வந்து விழுகிறது. நண்பர்களே, அவர்கள் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். இவர்கள் திருத்தணியில், வழுக்கும் குளியலறையும் உயரமான வாசற்படியும் உள்ள பழைய வீட்டில். இதுதான் உங்கள் கலாச்சாரமா?

எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திராவிலிருந்து மீட்ட ஊர் இது. அந்த வருஷம் பிறந்தவர்கள் எல்லோரும் இன்று மூத்த குடிமக்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர்.

இவர்களுக்கு என்ன வழி? காசு இருந்தால் கோயம்புத்தூர் பக்கம் 'ரிட்டயர்மென்ட் வில்லா'. காசே இல்லையென்றால் முதியோர் இல்லம். 2007 மூத்த குடிமக்கள் சட்டம்கூட, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி இல்லம் 'அமைக்கலாம்' என்றுதான் சொல்கிறது. அதுவும் வறியவர்களுக்கு மட்டும். நடுவில் இருப்பவர்? பொதட்டூர்ப்பேட்டையில் ஆயுசு முழுக்கத் தறி ஓட்டியவர், பள்ளிப்பட்டில் கடை வைத்திருந்தவர்? அவர்கள் வறியவரும் இல்லை, வில்லா வாங்குபவரும் இல்லை.

நான் கேட்பது ஆசிரமம் இல்லை. லாபம் பார்க்காத ஓர் அறக்கட்டளை நடத்தும் முப்பது சின்ன வீடுகள். சொந்த அடுப்பு, சொந்தப் பூட்டு, பிடித்து நடக்கக் கைப்பிடி, ஆபத்துக்கு ஒரு மணி. பஸ் ஸ்டாண்டும் அரசு மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தால் போதும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசியே வளர்ந்தவரைப் பிடுங்கிக் கொண்டுபோய் எங்கோ நடாமல், இங்கேயே இருக்க விடுங்கள்.

"பணம் யார் தருவது?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1959 வீட்டுவசதிச் சட்டத்தின் 202-வது பிரிவு இதற்குத்தான் வந்தது. லாப நோக்கில்லாத அமைப்பு கட்டும், அரசு நிதி தரும். இன்று அங்கே 62 வயதைத் தாண்டிய ஏழைகள் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் வாடகை கட்டுகிறார்கள், மீதியை அரசு ஈடுகட்டுகிறது. இங்கே முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் என்றால், அந்தக் கணக்கில் வாடகை 360. அந்தக் காசுக்குத் திருத்தணியில் திண்ணைகூடக் கிடைக்காது! ஆகவே நிலத்தை நகராட்சி நீண்ட குத்தகைக்குத் தரவேண்டும், வாடகையில் விழும் துண்டை அரசு போடவேண்டும். வசதி உள்ளவர் கூடுதலாகத் தரட்டும்.

"டிரஸ்ட் என்றாலே சுருட்டுவார்கள்" என்பீர்கள். குடியிருப்பவர்களையே குழுவில் போடுங்கள். வரவு செலவை வாசலில் ஒட்டுங்கள். திருடுவான் என்று பயந்து யாரும் வீடு கட்டாமல் இருப்பதில்லையே.

முருகனைப் பார்க்க 365 படி ஏற முடியாதவர்களுக்கென்று மலைமேல் வரை வண்டி போக ரோடு போட்டிருக்கிறோம். 2021-லிருந்து கோயிலில் நாள் முழுக்க அன்னதானமும் உண்டு. சாமி கும்பிட வழி செய்தாயிற்று, சாப்பாட்டுக்கும் வழி செய்தாயிற்று. சாப்பிட்ட பிறகு போய்ப் படுக்க, யார் தயவும் இல்லாமல் தன் கையால் திறக்கிற ஒரு கதவு... அதைக் கேட்டால் மட்டும் கலாச்சாரம் கெட்டுவிடுமா?

திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். ஆனால் அதற்கு முன், ஊரில் இருக்கும் உங்கள் பாட்டிக்கு ஒரு போன் போட்டு, ராத்திரி விழுந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்.