தேங்காய் உடைத்தாயிற்று, கிளம்பலாமா?

எங்கே கிளம்பினாலும் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது திருவனந்தபுரத்தில் வழக்கம். விடுமுறைக்குக் கன்னியாகுமரி போகிறவர்கள் மழைக்காலத்தில் பிள்ளையாரோடு வானிலைத் துறையையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 29-ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையே ஒக்கி புயல். யோசிக்க ஒரு முழு நாள்கூட இல்லை. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

2020 டிசம்பரில் புரெவி வந்தபோது அவகாசம் இருந்தது. டிசம்பர் 4 அன்று கேரள அரசு 5 மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டது. திருவனந்தபுரம் விமான நிலையத்தை 8 மணி நேரம் மூடுவதாக அறிவித்தார்கள். புயலோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைத்திருக்கலாம். ஒக்கியைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஊரை மாற்றுவதைவிடத் தேதியை மாற்றுவது மேல். குமரி வேண்டாம், சிதம்பரம் போவோம் என்று அந்த வாரம் யாராவது திரும்பியிருந்தால், நடராசர் கோயிலுக்குள்ளேயே மழைநீர் தேங்கி நின்றதைத்தான் பார்த்திருப்பார்கள். வரைபடத்தில் போடுகிற கோடு புயலின் மையம் போகும் வழி மட்டுமே. மழைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 200 கிலோமீட்டர் தள்ளியும் கொட்டும்.

போயே தீருவேன் என்பவர்கள், விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுகிறதா என்றாவது விசாரித்துவிட்டு பஸ் ஏறலாம். கடல் கொந்தளித்தால் முதலில் நிறுத்துவது அதைத்தான்.